காப்புக் கட்டிய கை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய 10,000 ரூபாய் அம்மாவின் கணக்குக்கு வந்துவிட்டது. "வீட்டுச் செலவுக்கு மட்டும், திருவிழாவுக்கு இல்லை" என்று நீ எழுதியதை அம்மா காட்டவில்லை. நானே அவள் போனில் பார்த்துவிட்டேன். சரி, அதைப் பற்றி எழுத வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே காப்புக் கட்டியாகிவிட்டது. மூன்றாவது வருஷமாக நீ இல்லாமல் கரகம் பாலிக்கப் போகிறோம். நெற்றியில் திருநீறுகூட இல்லாமல் கொழும்பில் திரிகிறாய் என்று கீழ் லயத்து வீட்டுப் பையன் சொன்னான். முதலாளி தவறுதலாகக் கூட்டிப் போட்ட சம்பளத்தை நீ திருப்பிக் கொடுத்ததையும் அவன்தான் சொன்னான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. சாமி கும்பிடாத பிள்ளைக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது?

திருவிழாவுக்கு வராவிட்டாலும் சிவனொளிபாதமலைக்காவது வா. வெசாக் பௌர்ணமி வரை சீசன் இருக்கிறது. நமக்கு அது சிவன் பாதம், சிங்களவருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். உனக்கு ஆறு வயதில், படியில் குளிரில் நடுங்கியபோது, தன் சால்வையை எடுத்து உனக்குப் போர்த்திவிட்டது யாரோ ஒரு சிங்கள ஆச்சி. திருப்பித் தர அவரைத் தேடினோம், நினைவிருக்கிறதா? கோயிலை விட்டுவிடாதே மகன்.

நீ எந்த நாளில் கோயிலை விட்டாய் என்று எனக்குத் தெரியும். 2006. நீ ஐந்தாம் ஆண்டு. இதே திருவிழாவுக்குக் காப்புக் கட்டி நான் விரதம். நான் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதும் மடுவத்துக்குப் பிளேன்டீ கொண்டுவந்தாய். மேல் லயத்து அம்மாயியின் கொழுந்து தராசில் தொங்கியது. முள் 18இல் நின்றது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நாலைக் கழித்து 14 எழுதினேன். நம் தோட்டத்தில் அப்போது 16 கிலோ இருந்தால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம். அவளுக்கு அரைப் பேர் விழுந்தது. அந்த நாலு கிலோ உன் அத்தை பேரில் ஏறியது. மேலதிகக் கிலோவுக்கு வந்த காசில் பாதி நம் வீட்டுக்கு. உன் புலமைப்பரிசில் வகுப்புக்குக் கட்டினது அதில்தான். ஒரு நாள் மட்டும் செய்ததில்லை.

பேனை பிடித்த மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. நீ முள்ளைப் பார்த்தாய், புத்தகத்தைப் பார்த்தாய், அப்புறம் அந்த மஞ்சளைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

தீச்சட்டி எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்து வருஷா வருஷம் எடுத்தேன். மாதாமாதம் அந்த அம்மாயியின் சம்பளத்தில் கோயில் சந்தா வெட்டி எழுதியதும் இதே கைதான்.

போன வெள்ளிக்கிழமை அவள் காம்பராவுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "தெரியும் ஐயா. நானும் முள்ளப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்றாள். என் சேமலாப நிதிக் காசில் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். தொடவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "சின்னையா இந்த வருஷமும் வரலையா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அம்மாவுக்குக் கால் வீக்கம் இன்னும் குறையவில்லை. அவளிடமாவது ஒரு தடவை பேசு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா