ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருங்கள்

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும், ஆடு வளர்ப்போர் வணக்கத்துடன் எழுதுவது.

போன முகாமில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைசி ஆட்டுக்கு ஊசி போட்ட கையோடு பெட்டியை மூடி வண்டியை எடுத்தீர்கள். வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவதற்குள் ஒரு கொடி ஆடு விழுந்துவிட்டது. முதலில் உதடும் கண் இமையும் தடித்தன. பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மூக்கில் நுரை. பிடித்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் துடைக்கத் துடைக்க நுரை வந்துகொண்டே இருந்தது. பதறிப்போய் யாரோ சொம்பு மோரை அதன் வாயில் ஊற்றினார்கள். நீங்கள் திரும்பி வந்தபோது ஆடு செத்துக் கிடந்தது. மூன்று மாதச் சினை. "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சித்திரை வெயிலில் உப்பளத்து ஓரம் மேய்கிற ஆடு அது.

நாங்கள் தடுப்பூசிக்கு எதிரிகள் இல்லை. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், நம் தமிழ்நாட்டு அரசூரில்தான். அந்த நோய் ஒரு கிடைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல், அப்புறம் குட்டிகள் வரிசையாகப் போகும். தோலுக்கடியில் ஒரு மில்லி ஊசி அதைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குத் தடுக்கிறது. ஊசி வேண்டும் என்பதால்தான் இந்த மடல்.

கேட்பது இதுதான்: ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் ஊரில் இருங்கள். உங்கள் பெட்டியில் அட்ரினலின் இருக்கட்டும்.

எந்தத் தடுப்பூசிக்கும் அபூர்வமாக ஏதோ ஓர் ஆட்டுக்குக் கடும் ஒவ்வாமை வரும். அது ஊசி போட்டவரின் குற்றமில்லை. ஆனால் அது பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வருகிறது, அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின்தான். ஆயிரத்தில் ஒன்று வீரியமுள்ள மருந்தில் பத்துக் கிலோ எடைக்கு 0.1 மில்லி, தசையில். முப்பது கிலோ ஆட்டுக்கு 0.3 மில்லி. ஐந்து மில்லி சிரிஞ்சில் இந்த அளவைப் பிடிக்க முடியாது, ஒரு மில்லி சிரிஞ்சு வேண்டும். மூச்சு தெளியாவிட்டால் பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. ஒவ்வாமையைத் தணிக்கும் அவில் ஊசியும் கூடச் சேர்த்துப் போடலாம், ஆனால் அட்ரினலினுக்குப் பதிலாக அவில் மட்டும் போட்டுவிட்டு நிற்கக் கூடாது. அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஆடு போய்விடும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போடுவதாக இருந்தால் சினையா என்று முதலில் கேளுங்கள், முற்றிய சினையில் குட்டி வீசிவிடும். வெளிச்சம் பட்டு இளஞ்சிவப்போ பழுப்போ ஏறிய அட்ரினலின் குப்பியைத் தூக்கிப் போடுங்கள், அதில் வீரியம் இருக்காது.

இதை ஊசிக்கு முன்பே எங்கள் ஆட்களுக்கும் சொல்லுங்கள். விழுந்த ஆட்டைப் பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு உப்பும். நெஞ்சு தரையில் படும்படி உட்கார்த்திப் பிடிக்க வேண்டும். வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். இரண்டு நிமிடப் பேச்சு இது. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சொம்பு வந்திருக்காது.

ஊசி போட்ட இடத்தில் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம், ஒரு நாள் காய்ச்சல், அரைகுறை மேய்ச்சல், இவற்றுக்கு நாங்கள் பயப்படவில்லை. துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய்க்கான ஊசி போட்டால் அப்படி ஒரு கட்டி வரும், தானாகக் கரையும். சீழ் வைத்தால்தான் ஊசியின் சுத்தத்தைச் சந்தேகப்படுவோம். ஒரே ஊசியை ஒரு கிடை முழுவதற்கும் போடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம்.

சொல்ல வந்துவிட்டதால் ஐஸ் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இறால் கெடாமல் ஐஸ் போடத் தெரியாதவர் இந்தக் கரையில் யாரும் இல்லை. ஆனால் ஊசி மருந்து வரும் தெர்மகோல் பெட்டியில் பல நாள் வெறும் தண்ணீர்தான் ஆடுகிறது. ஆட்டுக்கொல்லி மருந்து உயிருள்ள நுண்கிருமி. கரைத்த பின் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த ஊசியில் ஏற்றினால் அந்த ஸ்பிரிட்டே மருந்தைக் கொன்றுவிடும். துள்ளுமாரி மருந்துக்கு நேர் எதிர்: அது உறைந்துபோனால் வீண். இரண்டையும் ஒரே பெட்டியில் ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதை இனிமேலாவது நிறுத்துங்கள். வீரியம் போன மருந்தைப் போட்டுக்கொண்டு, மறு மாதம் நோய் வந்தால் "அதுதான் ஊசி போட்டாச்சே" என்று பதில் கேட்க எங்களால் முடியாது. முகாமை வைப்பதும் பதினோரு மணி உச்சி வெயிலில். கிடை போடத் தஞ்சைப் பக்கம் ஆடு ஓட்டிப் போன கீதாரிகள் ஊர் திரும்பும் மாதம் எது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கோபத்தில் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுத வைத்தது இதுதான்: அந்த ஆடு செத்த பிறகு, அடுத்த தெருவில் ஊசி போட்டபோது பாதி ஆடுகள் சீமைக்கருவேலங் காட்டுக்குள் ஓட்டப்பட்டுவிட்டன. அந்த ஆடுகளுக்கு ஊசி இல்லை. ஐப்பசி மழைக்குப் புல் தளிர்க்கும்போது துள்ளுமாரி அந்த ஆடுகளைத்தான் அடிக்கும், ஊசி போட்ட வீட்டுக்காரரும் போடாத வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வோம்.

எனவே பணிவாகக் கேட்கிறோம். அடுத்த முகாம் மழைக்கு முன், ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பாத காலை ஆறு மணிக்கு இருக்கட்டும். ஊசி போட்ட தேதியும் மருந்தின் பேட்ச் எண்ணும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆடு செத்தால் புதைக்கும் முன் அறுத்துப் பார்த்து, கண்டதை எழுதித் தாருங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் எங்களோடு இருங்கள், அட்ரினலினோடு. உட்கார நிழலும் குடிக்க நொங்கும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களின் ஆடு வளர்ப்போர்