இருபத்திரண்டு போதும், தம்பி

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போலத்தான். வாசல் ரம்புத்தான் இந்த முறை கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது, பாதியை அணில் தின்கிறது. மற்ற கதையெல்லாம் அம்மா போனில் சொல்லுவாள், நீ போனை எடுத்தால்.

மூன்று வாரமாக நீ பேசவில்லை. பிறகு திடீரென்று ஒரே ஒரு வாட்ஸ்அப். அங்கே அரிசோனாவில் சுடும் மைதானத்துக்கு வாராவாரம் போகலாம் என்று இருக்கிறாய், செலவு கட்டுப்படியாக வேண்டும், எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, எந்தப் பிஸ்டல் என்று கேட்டிருக்கிறாய். கூடவே ஐந்து விதத் தோட்டாக்களின் விலை. நான்கு நாளாகக் கோப்பிக்கடைக்குப் போகும்போதெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்க்கிறேன். போனில் தட்டிப் பதில் எழுத வரவில்லை. அதனால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். அக்கா மகன் படம் பிடித்து உடனே அனுப்பித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை நீ மட்டும் படித்தால் போதும்.

முதலில் கேட்டதற்குப் பதில். .22 வாங்கு.

காரணம் சொல்கிறேன். துப்பாக்கி ஒரு தடவை வாங்குவது, தோட்டா வாரா வாரம் வாங்குவது. உன் பட்டியல்படி 9 எம்எம் ஒன்று 25 சென்ட், .22 ஒன்று 8 சென்ட். வாரத்துக்கு 100 தோட்டா என்று வை. வருடத்துக்கு 5,200. 9 எம்எம் என்றால் 1,300 டாலர், .22 என்றால் 416. மிச்சம் 884 டாலர். அந்தக் காசில் வருடத்துக்கு ஒரு நல்ல பிஸ்டலே வாங்கலாம். வாரம் 100 என்பதும் ஆரம்பத்தில்தான். பழகிவிட்டால் 200 ஆகும். உன்னை எனக்குத் தெரியும், பிடித்ததைப் பாதியில் விடமாட்டாய்.

.380 தோட்டா 9 எம்எம்மை விடக் குட்டை, ஆனால் விலை கூட என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாய். தோட்டா விலை அளவைப் பார்த்து வருவதில்லை, எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்து வருவது. 9 எம்எம் 1902-இல் ஜெர்மனியில் லூகர் என்பவர் செய்தது. இன்றைக்கு உலகத்தில் பல நாட்டுப் பட்டாளமும் போலீசும் அதைத்தான் சுடுகிறார்கள், அதனால் மலை மலையாகச் செய்து தள்ளுகிறார்கள். .380 அந்த அளவுக்குப் போவதில்லை. அதோடு அதற்குச் செய்கிற பிஸ்டல்களில் பல சட்டைப்பைக்குள் போகிற சின்னச் சாமான். எடை இல்லாத துப்பாக்கி கையை உதைக்கும். பழகுகிறவனுக்கு அது ஆகாது.

.40 பிஸ்டல் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று நண்பர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதில் விழுந்துவிடாதே. .40 வந்தது 1990-இல். அமெரிக்கப் போலீஸ் பல இடங்களில் அதை எடுத்தார்கள், எஃப்பிஐயும் எடுத்தது. பிறகு அவர்களே 9 எம்எம்முக்குத் திரும்பிவிட்டார்கள். போலீஸ் கழித்த துப்பாக்கிகள் கடைக்கு வந்ததால்தான் அந்த விலை. துப்பாக்கியில் மிச்சம் பிடித்ததைத் தோட்டாவில் கொட்டுவாய். .45 பெரிய மனிதர் சமாச்சாரம், வாராவாரத்துக்கு ஒத்துவராது. நான் தூக்கிய .38 ரிவால்வரைப் பற்றியும் கேட்டாய். 1898-லிருந்து இருக்கிற தோட்டா, எனக்கு அதன் மேல் இன்னும் பாசம் உண்டு. ஆனால் அதுவும் இப்போது 9 எம்எம்மை விட விலை கூட.

.22 சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியே .22-இல்தான். காசை விடு, கைக்கே அதுதான் நல்லது. கோலாலம்பூரில் புலாபோல் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் நான் பயிற்சி எடுத்தபோது எங்கள் சார்ஜன் ஒரு காரியம் செய்வார். என் ரிவால்வரை வாங்கி, ஆறு அறையில் நான்கில் தோட்டா, இரண்டில் வெறும் கூடு போட்டுச் சுழற்றிக் கொடுப்பார். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெறும் கூடு வந்தபோது ‘டக்’ என்று சத்தம் மட்டும் கேட்டது, குழல் முனை ஒரு விரல் அளவு கீழே குனிந்தது. சுடாத துப்பாக்கி எப்படிக் குனியும்? உதைக்கப்போகிறது என்று பயந்து என் கைதான் முன்கூட்டியே தள்ளியிருக்கிறது. அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம். நான் ஆறு மாதம் பட்டேன். .22 உதைக்காது, அதனால் கை பயம் கற்றுக்கொள்ளாது. ஒரு வருடம் அதில் சுட்டுவிட்டு 9 எம்எம் வாங்கு. அப்போது கிளாக் 19 எடுத்தாலும் சரி, சிஇசட் 75 எடுத்தாலும் சரி, உன் கை தயாராக இருக்கும்.

எந்தப் பிஸ்டல் என்றால், கொஞ்சம் கனமானதாகப் பார். ரூகர் மார்க் 4 நல்லது. அந்தக் கம்பெனி 1949-இல் தொடங்கியதே ஒரு .22 பிஸ்டலை வைத்துத்தான். பழைய மார்க்குகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும், இதில் பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்ளும். கைமாறியது வாங்கினால் 2017 ஜூனுக்கு முன் செய்ததா என்று பார். அதுவரை செய்ததை எல்லாம் பாதுகாப்புப் பூட்டில் கோளாறு என்று கம்பெனியே திரும்ப அழைத்தது. பிரவுனிங் பக் மார்க்கும் அதே தரம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் டாரஸ் டிஎக்ஸ் 22. வாங்குவதற்கு முன் மைதானத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார். உனக்கு அம்மா கை, விரல் கட்டை. விசைக்கு விரல் இழுத்துப் பிடிக்காமல் எட்ட வேண்டும்.

.22-க்கு ஒரு குறை உண்டு. அதன் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. சில சமயம் சரியாகப் பரவாமல் போய் வெடிக்காது. அப்படி ஆனால் உடனே திறக்காதே. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது எண்ணு, பிறகு எடு. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒவ்வொரு தோட்டாதான் பிடிக்கும். மொத்தமாக வாங்காமல் நான்கைந்து பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது சிக்காமல் ஓடுகிறதோ அதையே வாங்கு.

காதை மூடிக்கொள். .22-உம் காதைக் கெடுக்கும் சத்தம்தான். நாங்கள் பஞ்சை வைத்துக்கொண்டு சுட்டோம். என் இடது காதில் இப்போதும் ராத்திரியில் வண்டு கத்துகிறது, டிவி சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று அம்மா சண்டை போடுவது உனக்குத் தெரியும். உள்ளே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டும் போடு.

சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஈயத்தூள் கையிலும் சட்டையிலும் ஒட்டும். சப்பாத்தை வெளியே கழற்று, குளித்துவிட்டுப் பிறகு பாப்பாவைத் தூக்கு. ஈயம் பெரியவர்களுக்கும் கெடுதல்தான், சின்னப் பிள்ளை உடம்புக்கு ரொம்பக் கெடுதல். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள் என்று வீடியோவில் பார்த்தேன். குளிக்கும்வரை மட்டும் தூக்காதே.

அடுத்த தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா? மைதானத்துக்குக் கொண்டுபோகிற பையை இங்கே கொண்டுவராதே. பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் இங்கே குற்றம். 1960 ஆயுதச் சட்டம் அப்படி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியே வைத்திருந்தால் 1971-இல் வந்த துப்பாக்கித் தண்டனைச் சட்டப்படி 14 வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. அந்தச் சட்டத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். என் பிள்ளையை ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்தார்கள் என்று கேட்க என்னால் ஆகாது. வேறு பை. மறக்காதே, வேறு பை.

கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பொறுத்திருந்தாயே, அது நல்ல புத்தி. வேலை விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாக அங்கே சட்டம் விடாது என்று நீதான் முன்பு எழுதினாய். இங்கே பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த பையன் அரிசோனாவில் சொந்த வீட்டில் இருக்கிறான் என்று கோவிலில் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மூன்று வாரம் பேசாத பையன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்த வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பாய்? அதை நீ எழுதவில்லை. காலிபர் எழுதியிருக்கிறாய், விலை எழுதியிருக்கிறாய், அதை எழுதவில்லை. அலமாரி மேலே என்று சொல்லிவிடாதே.

தம்பி, நாலு நாளாக நான் எழுத முடியாமல் இருந்தது இதற்குத்தான். 1989-ஆம் வருடம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. உனக்கு மறந்திருக்காது. நான் யூனிஃபார்ம் இல்லாமல் மப்தியில் வேலை பார்த்த காலம், ரிவால்வர் வீட்டுக்கு வரும். விடிகாலை மூன்றுக்கு வந்தேன், களைப்பு. தோட்டாவைக் கழற்றவில்லை. துண்டில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அம்மா பாசாருக்குப் போயிருந்தாள். எழுந்து பார்த்தால் நாற்காலி மேல் பிஸ்கட் தகரம், கட்டிலில் நீ. மடியில் ரிவால்வர். இரண்டு கட்டை விரலாலும் அதன் பின்பக்கம் இருக்கிற சுத்தியலைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாய், நாக்கைக் கடித்துக்கொண்டு. சுத்தியல் பாதி வந்திருந்தது. குழல் உன் வயிற்றைப் பார்த்திருந்தது.

எப்படிப் பிடுங்கினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு பெல்ட்டால் உன்னை அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். நீ அழவில்லை, அதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அம்மா வந்து காலில் இருந்த தழும்பைப் பார்த்துக் கேட்டபோது, ரேடியோவை உடைத்துவிட்டான் என்று சொன்னேன். ரேடியோவைக் கீழே தள்ளி உடைத்தது நான். அவள் வரும் சத்தம் கேட்டுத் தள்ளினேன். ஸ்டேஷனிலும் சொல்லவில்லை, அந்த வருடம் பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்தது. மறுநாளிலிருந்து துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

நீ 36 வருடமாக அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரேடியோவை உடைத்தவனாகவே இருந்துவிட்டாய். அக்கா கல்யாணத்தில்கூட அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள், நீ தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

தப்பு உன் மேல் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை எட்டிப் பிடிக்கிற இடத்தில் தோட்டாவோடு வைத்தவன் நான். என் பயத்தை உன் முதுகில் அடித்தேன். என்னை மன்னித்துவிடு ஐயா.

அந்த ரிவால்வரின் விசை மிகக் கனம். சுத்தியலை இழுக்காமல் உன் விரலுக்கு அது அசைந்திருக்காது. அந்தக் கனத்தால்தான் நீ இன்று எனக்கு இருக்கிறாய். நீ வாங்கப்போகிற பிஸ்டலில் அந்தக் கனம் இருக்காது, விசை இலகு. தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றினாலும் குழலடி அறைக்குள் ஒரு தோட்டா நிற்கலாம், அது பிள்ளைக்குத் தெரியாது, சில சமயம் பெரியவர்களுக்கே தெரியாது. .22 சின்னது, மலிவு என்று நான் சொன்னதெல்லாம் காசுக்குச் சொன்னது. அது ஒரு மைல் தாண்டிப் போகும், ஆளைக் கொல்லும். பாப்பாவுக்கு வருகிற மாசியில் ஐந்து முடிகிறது.

மிச்சம் பிடிக்கிற அந்த 884 டாலரில் முதலில் இரும்புப் பெட்டி வாங்கு. துப்பாக்கிக்கு முன் பெட்டி. தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு முடுக்கு. தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு இடம். வீட்டுக்கே கொண்டுவராமல் மைதானத்தில் பூட்டி வைக்க இடம் கொடுப்பார்களா என்று கேள், கொடுத்தால் அது எல்லாவற்றையும் விட நல்லது. மருமகளிடம் எல்லாவற்றையும் சொல். துப்பாக்கி எங்கே, சாவி எங்கே, தோட்டா எங்கே. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் இருப்பதால் வருகிற கேடு எனக்குத் தெரியும்.

ரேடியோ விஷயத்தை அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்லப்போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் போன் பண்ணுவாள், எடு.

பெட்டி வாங்கியதும் படம் அனுப்பு. சாவிப் பூட்டா, எண் பூட்டா என்று எழுது. எண் பூட்டு என்றால் பாப்பாவின் பிறந்த நாளை வைக்காதே, அவளுக்கு அது தெரியும். உன்னுடையதையும் வைக்காதே.

அப்பா