28.5-ல் நின்ற முள்

கண்ணு,

போன வாரம் நீ போன் செய்தபோது நான் சிடுசிடுவென்று பேசினேனாம், உங்கம்மா சொன்னாள். உன்மேல் கோபமில்லை. ஷெட்டில் வாக்குவம் பம்போடு, அதாவது காற்றை உறிஞ்சும் பம்போடு, மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

உன் படிப்பு மேசையின் மேல்பலகை ஒழுகலில் ஊறி உரிந்துபோயிருந்தது. புதுத் தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முன்பெல்லாம் ஒட்டிவிட்டு மேலே அம்மிக்கல், சிமெண்ட் மூட்டை என்று கையில் கிடைத்ததை ஏற்றுவேன். அப்படியும் நடுவில் எங்காவது கொப்பளம் கிளம்பும். பலகையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டால் வெளிக்காற்றே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 4 அடிக்கு 2 அடி பலகை. வாக்குவம் கேஜ் பாதரச இஞ்சில் அளக்கும்; முள் 22 இஞ்சில் நின்றால் அதன்மேல் ஏறக்குறைய ஐந்தரை டன்!

ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அந்த பம்ப் உக்கடத்தில் பழசாகக் கிடைத்தது. அதோடு பழைய கம்ப்ரசர் டேங்க் ஒன்று, காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று, ஒரு வாக்குவம் சுவிட்ச். டேங்கில் காற்று ஏறினால் மட்டும் பம்ப் ஓடும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். விடாமல் ஓட்டினால் சூடேறி ஆயில் புகையைக் கக்குகிறது. உங்கம்மா துணி காயப்போடும் இடம் வேறு அது.

பையை மாட்டுமுன் பம்ப் எவ்வளவு இழுக்கிறதென்று பார்க்க, சுவிட்சைத் தாண்டி நேராக ஓட்டினேன். முள் 28.5-ல் நின்றுவிட்டது. கேஜில் 30 வரை கோடு இருக்கிறது. சரி, எங்கோ லீக் என்று முடிவு கட்டினேன். டெஃப்லான் டேப்பைப் பிரித்துச் சுற்றினேன், ஹோஸை மாற்றினேன், ஆயிலையும் மாற்றினேன். நான்கு நாள். முள் அசையவே இல்லை. கடைசியில் வால்வை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அதே 28.5. லீக் இருந்தால் இறங்கியிருக்க வேண்டாமா?

அன்றைக்குத்தான் மேசை டிராயரைக் காலி செய்தேன். உன் பள்ளிக்கூட இயற்பியல் நோட்டு. டாரிசெல்லி, பாதரசம், 76 செ.மீ. என்று எழுதி, பக்கத்தில் ‘கடல் மட்டத்தில்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். வெளிக்காற்று தாங்கி நிறுத்தும் பாதரசத்தின் உயரம் அது. 76 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 30 இஞ்ச். நம் கோயமுத்தூர் 400 மீட்டர் மேட்டில் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் ஓர் இஞ்ச் குறையும். இங்கே இருக்கிற காற்றே 28.5-தான், பம்ப் பாவம் என்ன செய்யும்! நீ இருக்கிற சென்னையில் இதே பம்ப் 30-ஐ நெருங்கிவிடும்.

பலகை இப்போது பையில் கிடக்கிறது. வெனீருக்கு மேல் பாலிதீன், அதற்கு மேல் கொசுவலை, காற்று ஓட வழிக்காக. பலகையின் நான்கு முனையையும் பழந்துணியால் சுற்றிவிட்டேன். முதல் பையைக் கூர்முனை கிழித்துவிட்டது. ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரிக்கலாம் என்றிருக்கிறேன்.

மேசையை பார்சல் சர்வீஸில் போடவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? நோட்டை மட்டும் தரமாட்டேன். அது ஷெட்டில் இருக்கட்டும்.

அப்பா