இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொல்லச் சொன்ன செய்தித் தொலைக்காட்சிகளுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கார்கில் நாளன்று காலை உங்களில் ஒருவரின் நிருபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல பையன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், மோர் கொடுத்தோம், குடித்தார். பெட்டியில் கிடந்த மெடல்களைச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார், குத்திக்கொண்டேன். மைக்கை நீட்டி, "பாகிஸ்தானுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" என்றார். சொன்னேன். கேமராக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க ஐயா, இன்னும் கொஞ்சம் கோபமா சொல்ல முடியுமா?" என்றார்.

மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முறை என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவருக்கு பி.பி. இருக்குப்பா" என்றாள். ராத்திரி ஒளிபரப்பில் பத்து வினாடி வந்தேன். முதல் முறை நான் சொன்னது எதுவும் அதில் இல்லை. பின்னால் சைரன் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

அந்தச் சைரன் கேட்டதும் எனக்கு மே 8 ஞாபகம் வந்தது. இந்தக் கடிதமே அதனால்தான்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைத் தீவிரவாதிகள் கொன்றார்கள். மே 7 அதற்குப் பதிலடியாக நம் ராணுவத்தின் ஆபரேஷன் சிந்தூர். மறுநாள் இரவு ஜம்மு பக்கம் முழுக்க விளக்கை அணைத்துவிட்டார்கள். என் மகன் அப்போது ராஜௌரி பக்கம் இருந்தான். எந்த யூனிட் என்று எழுத மாட்டேன், அது உங்களுக்குத் தேவையும் இல்லை. மருமகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு லீவு சொல்லியிருந்தான், ரத்தாகிவிட்டது. வாங்கி வைத்த கண்ணாடி வளையல்கள் பிரிக்காத பெட்டியோடு மேசையில் இருந்தன. அன்று இரவு உங்கள் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பட்டை வந்தது: ராஜௌரியில் ராணுவப் படைப்பிரிவு மீது தற்கொலைப் படைத் தாக்குதல்.

அவள் போனை எடுத்தாள். அவன் எண்ணுக்குப் போட்டால் ஒரு பெண் குரல் இந்தியில் பேசும். அது ஆங்கிலத்துக்கு வருவதற்குள் துண்டித்துவிட்டு மறுபடி போடுவாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஸ்பீக்கரில் வைத்துக் காட்டி, "என்ன மாமா சொல்றாங்க?" என்று கேட்பாள். "சுவிட்ச் ஆஃப்னு சொல்றாங்கம்மா" என்பேன். அந்த நேரத்தில் போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள் என்பது பட்டாளத்தில் இருந்த எனக்குத் தெரியும். அவளிடமும் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள், நானும் புதிதாகச் சொல்வது போலச் சொன்னேன். விடிய விடிய இதேதான். டிவியை அணைக்கவும் மனம் வரவில்லை, அடுத்த செய்தி என்ன வருமோ என்று.

நடுவில் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "மாமா, இந்தத் தடவை பாகிஸ்தான்னு ஒண்ணு மேப்லயே இருக்கக் கூடாது" என்றான். உட்காரச் சொல்லிவிட்டு, அக்னிவீர் தேர்வுக்குப் போகிறாயா என்று கேட்டேன். வயசு தாண்டிவிட்டது என்றான். அவனைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சேனலில் அது கீழே ஓடும் வரியாக வந்தது. தங்கம் விலைக்கும் வானிலைக்கும் நடுவே, ஒரே ஒரு முறை. மகன் பேசியது சண்டை நிறுத்தம் வந்த பிறகு, மே 10 ராத்திரி. "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா, யார் சொன்னா?" என்றான்.

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ராஜௌரியைப் பற்றி அன்று இரவு சொன்னது பொய் என்று, அதே சிவப்புப் பட்டையில், அதே அளவு எழுத்தில், அதே நேரத்தில் ஒரு முறை போடுங்கள். தாக்குதல் என்று போட்டபோது எவ்வளவு இடம் கொடுத்தீர்களோ அவ்வளவு கொடுத்தால் போதும்.

கோபம் எனக்குப் புதிதில்லை. 1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தேன். ஜூன் 9 அன்று கேப்டன் சவுரப் காலியாவின் உடலையும் அவரோடு ரோந்து போன ஐந்து ஜவான்களின் உடலையும் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து ஒப்படைத்தார்கள். என்ன நிலையில் கொடுத்தார்கள் என்பது எங்கள் பீரங்கிப் பிரிவுக்குச் செய்தியாக வந்து சேர்ந்தபோது யாரும் சாப்பிடவில்லை. அடுத்த உத்தரவு வந்ததும் நாற்பது கிலோவுக்கு மேலான குண்டை ஒரே ஆளாகத் தூக்கினான் ஒருவன். கண்ணில் தண்ணீர், வாயில் கெட்ட வார்த்தை. சுபேதார் சாப் அவனைத் தோளைப் பிடித்து நகர்த்தி உட்கார வைத்துவிட்டு வேறு ஆளைப் போட்டார். தண்டனை எல்லாம் இல்லை. மலைமேல் நம் பையன்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், குண்டைத் தள்ளும் வெடிமருந்தின் அளவு கொஞ்சம் மாறிப் போனாலும் ஏற்றக் கோணம் கொஞ்சம் பிசகினாலும் குண்டு அவர்கள் தலையில் விழும். அவனுக்குக் கோபம் வரக் கூடாது என்று சாப் சொல்லவில்லை. கோபத்தோடு பீரங்கியைத் தொடாதே என்றார், அவ்வளவுதான். ராத்திரி அவனுக்கு அவரே ரம் ஊற்றிக் கொடுத்தார்.

அதே போரில் ஜூலை முதல் வாரம் டைகர் ஹில்லில் பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்தார். 'கர்னல்' என்பது பதவி இல்லை, அவர் பேரே அது. நம் பக்கத்துப் பிரிகேடியர் பாஜ்வா, இந்த ஆள் வீரமாகச் சண்டை போட்டார், இவருக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அந்த உடலின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிகப் பெரிய விருதான நிஷானே ஹைதரைக் கொடுத்தது. காலியாவுக்கு நடந்ததைக் கேட்டுச் சோறு இறங்காமல் கிடந்த அதே பட்டாளம்தான் ஒரு மாதத்துக்குள் இதையும் செய்தது. முதல் முறை மைக்கில் நான் சொன்னது இதைத்தான். நீங்கள் வெட்டியதும் இதைத்தான்.

நாடுகளுக்குத் தோளைப் பிடித்து நகர்த்த ஒரு சுபேதார் சாப் கிடையாது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தானின் ஜெனரல் நியாசி சரணடைந்து கையெழுத்துப் போட்டார், ஏறத்தாழ 93,000 பேர் கைதியானார்கள். அந்த போட்டோ நமக்குப் பெருமை. அவர்கள் ராணுவத்துக்கு அது ஆறாத புண். 1984இல் சியாச்சின் பனிமலையைப் பிடிப்பதில் நாம் முந்திக்கொண்டோம், அது இன்னொரு புண். அதற்குப் பதில் கொடுப்பதாக நினைத்துத்தான் 1999இல் கார்கில் மலைகளில் ஏறி உட்கார்ந்தார்கள். அதில் நம் பக்கம் 527 பேர் போனார்கள். அவர்கள் ஏறியது சரி என்று சொல்ல வரவில்லை. புண்ணைச் சொறிந்துகொண்டே இருந்தால் அது எந்த மலையில் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

இங்கேயும் பார்த்தோமே. பஹல்காமில் கணவனைப் பறிகொடுத்த கடற்படை அதிகாரியின் மனைவி, முஸ்லிம்கள் மேலும் காஷ்மீரிகள் மேலும் வெறுப்பு வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணையே இணையத்தில் ஏசினார்கள். சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் மகளையும் விடவில்லை. பாகிஸ்தான்காரன் கைக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-1919 பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அந்தப் பதினான்கு பேருக்கு ஜெர்மன்காரன் மேல் என்ன கோபம் இருந்திருக்கும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன். லாங் பஜாரில் மஞ்சளும் மிளகாயும் வாங்குகிறவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உங்கள் கேமராவும் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கல்லால் இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொல்ல முடியாது இல்லையா?

உங்கள் விவாதங்களில் மேப்பைத் தடியால் குத்திக் காட்டும் பெரியவர்களையும் பார்க்கிறேன். லாகூரை எத்தனை மணி நேரத்தில் பிடிக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நானும் என் கூட இருந்தவர்களும் ரிட்டயர்டு ஆகி ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். லாகூரைப் பிடிக்கும் திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஏ.சி. தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட வேண்டும், அதுதான் எங்கள் திட்டம். சரி, இது என் சொந்தப் புலம்பல். உங்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

சைரன் விஷயத்தை மட்டும் விட முடியவில்லை. வான்தாக்குதல் சைரன் ஒலியை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள், காதுக்குப் பழகிவிட்டால் நிஜமாக ஊதும்போது ஜனங்கள் பொருட்படுத்த மாட்டார்கள் என்று மே மாதமே மத்திய அரசு எல்லா ஊடகங்களுக்கும் எழுதியது. ஜூலை 26 அன்று என் முகத்துக்குப் பின்னால் ஊதியது எந்தச் சைரன்? நான் குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறேன்.

தயவுசெய்து அந்தத் திருத்தத்தைப் போடுங்கள். அதே சிவப்புப் பட்டை, அதே எழுத்து, அதே நேரம். நிருபர் மறுபடி வந்தால் மோர் உண்டு. என்றைக்குப் போடுவீர்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினால் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன். பிரசவம் ஆகி அங்கேதான் இருக்கிறாள். குழந்தை தூங்கும் நேரம் என்பதால் அந்த வீட்டில் டிவி சத்தமில்லாமல்தான் ஓடும், எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்