மிகாயேலுக்கு எட்டு வயது, அக்கா

பிரியமுள்ள அக்கா,

நாளை நவம்பர் 6. என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருஷமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அனுப்புகிற செய்தியைப் படித்ததற்கான அடையாளம் மட்டும் வருகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். ஆனால் அவர்கள் படிப்பார்கள் என்பதற்காகவே சிலவற்றைச் சொல்லாமல் தாண்டிப் போவேன். எங்கே தாண்டினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெர்லினுக்கு வெளியே இருக்கிற ஷ்டான்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நாம் சேர்ந்து போவதாக இருந்த இடத்துக்குத் தனியாகப் போனேன். வான்சேயில் இறங்கிப் பேருந்து பிடித்தேன். 1913-இல் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்காகவே போட்ட ரயில் தடம் ஒன்று இருந்தது, 1961-இல் பெர்லின் சுவர் எழுந்தபோது நின்றுபோனது என்று நீங்கள் ஒருமுறை சொன்னது வழியெல்லாம் நினைவில் இருந்தது. கல்லறைத் தோட்டம் மாதிரியே இல்லை அக்கா, காட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது. பழைய நார்வே பாணியில் அந்த மரத் தேவாலயம், காலடியில் ஈரச் சருகு. மௌனப் பட இயக்குநர் முர்னாவ் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்க்க நான் போகவில்லை. நேராக நடிகர் கோட்ஷால்க் குடும்பத்திடம் போய் நின்றேன். அப்பா, அம்மா, மகன் மிகாயேல், மூன்று பேரும் அங்கேதான்.

நிற்கும்போது உங்கள் குரல்தான் கேட்டது. "பையனைக் கேட்டார்களா?"

அன்று நீங்கள் கேட்ட அதே தொனி. கோபம் இல்லை. மருந்துக் கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாக.

அவர்கள் கதையை வைத்து எடுத்த ஜெர்மன் படத்துக்கு நாம் தமிழ் வசன வரிகள் போட்ட அந்த மூன்று மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் சமையலறை மேஜை, என் மடிக்கணினி, நடுவில் வேர்க்கடலைத் தட்டு. ஒரு நிமிஷப் படத்துக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். தலைப்புக்கே ஒரு வாரம் போனது. நான் 'நிழலில் ஒரு திருமணம்' என்று எழுதியிருந்தேன். "திருமணம் ஒரு நாள் விஷயம். ஜெர்மனில் அதற்கு வேறு சொல் இருக்கிறது. 'ஏஹெ' என்றால் அதற்கப்புறம் வாழ்கிற வாழ்க்கை. 'நிழலில் இல்லறம்' என்று போடு" என்றீர்கள். இன்றுவரை அதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. இயக்குநர் மெட்சிக்கின் அந்தப் படத்துக்கு நாம் போட்ட தமிழ் வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை எல்லாம் உங்களுடையவை. நான் அதை அன்று அந்த அறையில் யாரிடமும் சொல்லவில்லை. அறிமுகம் பேசியபோது 'நாங்கள்' என்றேன். உங்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

படத்தில் அந்தப் பையனே கிடையாது என்பதை முதலில் கவனித்தவர் நீங்கள். இரவு ஒன்றரை மணிக்குப் போன் செய்தீர்கள். "படத்தில் ஹான்ஸ், எலிசபெத் இரண்டு பேர்தான். நிஜத்தில் மூன்று பேர். மூன்றாவது ஆள் எங்கே போனான்?" நான் தூக்கத்தில், கதைக்கு வசதியாக எடுத்திருப்பார்கள் என்றேன். "வசதி என்ற சொல்லைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த மாலைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் பார்த்த விதத்தில் ஒருமுறை சொல்ல விடுங்கள்.

சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. பதினோரு பேர். படம் முடிந்தது. கடைசியில் விஷம் கலந்த அந்தக் காப்பிக் கோப்பை வந்தபோது ஒருவரும் அசையவில்லை. முதல் காட்சியில் இருவரும் மேடையில் ஷில்லர் நாடகத்தின் காதலர்களாக நடித்துச் செத்தவர்கள், கடைசியில் தங்கள் வீட்டில் அதையே நிஜமாகச் செய்கிறார்கள். யாரோ அழுதார்கள். யாரோ "என்ன ஒரு காதல்" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். கையில் இருந்த குறிப்பைப் படித்தேன்: யோவாகிம் கோட்ஷால்க், பிறப்பு 1904, காலாவ். மனைவி மேட்டா வொல்ஃப், யூத நடிகை, 1933-க்குப் பிறகு மேடை மறுக்கப்பட்டவர். மனைவியை விட்டுவிடச் சொன்னார் நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ், இவர் மறுத்தார். 1941 நவம்பர் 6 அன்று குடும்பத்தோடு தற்கொலை செய்துகொண்டார்.

ஜன்னலோரத்தில் இருந்து நீங்கள் பேசினீர்கள். "குடும்பத்தோடு என்றால் என்ன? ஒருவனுக்கு எட்டு வயது. பையனைக் கேட்டார்களா?"

நான் பதில் வைத்திருந்தேன். நன்றாகவே வைத்திருந்தேன். அந்தக் குடும்பம் இருந்தது குருன்வால்டில். குருன்வால்ட் ரயில் நிலையத்தில் இருந்துதான் 1941 அக்டோபர் 18 அன்று பெர்லின் யூதர்களை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் போலந்தின் லோட்ஸுக்குப் போனது, ஆயிரம் பேருக்கும் மேல். அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து இவர்கள் இறந்தார்கள். யூதர்கள் சட்டையில் அணிந்தாக வேண்டிய மஞ்சள் நட்சத்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு வாசலில் இருந்தே அந்தச் செய்தி தெரிகிற தூரத்தில் ஒரு தாய் என்ன நினைத்திருப்பாள்? அந்தப் பதினேழாம் நடைமேடையில் தேதியும் எண்ணிக்கையும் பொறித்த இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நாம் இரண்டு பேரும்தானே நடந்தோம்?

நீங்கள் விடவில்லை. 1943-இல் பெர்லினில் ரோசன்ஷ்ட்ராஸே என்ற தெருவில் ஜெர்மன் மனைவிமார் நின்று தங்கள் யூதக் கணவர்களை மீட்டுக்கொண்டு வந்தார்களே, கலப்பு மணம் செய்தவர்களில் பெரும்பாலோர் போர் முடிகிறவரை உயிரோடு இருந்தார்களே என்றீர்கள். அதைக் கோட்ஷால்க் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்று நான் கேட்டேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்:

"கோயபல்ஸும்தான் 1945 மே மாதம் பதுங்கு குழியில் தன் ஆறு பிள்ளைகளைச் சாக விட்டான். அதை நாம் காதல் என்று சொல்வதில்லையே."

அறை முழுக்க விளக்கைப் போட்டேன். "போதும் அக்கா. டீ ஆறுகிறது" என்றேன்.

அவ்வளவுதான். நீங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போனீர்கள். கதவைக்கூட அறையவில்லை, மெதுவாகச் சாத்தினீர்கள். அதற்கப்புறம் நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "அவங்களுக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை" என்றேன். பொய். அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் கேள்வியைக் காய்ச்சல்காரர் பேச்சாக ஆக்கிவிட்டேன். விளக்கைப் போட்டதைவிட அதுதான் என்னை அரிக்கிறது. அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று அங்கே இருந்தவர்களே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: அக்காவுக்கு அன்று உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் ஓர் இரவு, வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுக்கொண்டே, ஏழு நிமிஷத்தில் சொல்லி முடித்தீர்கள். அதை இங்கே எழுத மாட்டேன். இங்கே என்றில்லை, எங்கேயும். ஆனால் எல்லாம் தெரிந்த நான்தான் விளக்கைப் போட்டேன். தெரியாதவர் யாராவது போட்டிருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள்.

சரி. இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள்.

அந்த ஒப்பீடு தவறு அக்கா. அன்றும் தவறு, இன்றும் தவறு. துரத்துகிறவனும் துரத்தப்படுகிறவனும் ஒரே காரியத்தைச் செய்ததாகத் தெரியலாம். ஆனால் ஒருவன் கட்டிய கூண்டுக்குள்தான் மற்றவன் நின்றான். கோட்ஷால்க் கெஞ்சினார், நாடு கடத்தப்படும் மனைவி மகனோடு தானும் போகிறேன் என்று கேட்டார் என்றும், அதுவும் மறுக்கப்பட்டது என்றும் சொல்வார்கள். கோயபல்ஸிடம் யார் எதை மறுத்தார்கள்? இறந்த பிறகுகூட இவர் பெயர் பத்திரிகையில் வரக் கூடாது என்று ஆணை. அடக்கத்துக்குப் போகக் கூடாது என்று ஆணை. அதையும் மீறி நடிகை பிரிகிட்டே ஹோர்னை போனார், நடிகர் குஸ்டாவ் க்னூத் போனார், இன்னும் சிலர் போனார்கள். பயத்தில் வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஷ்டான்ஸ்டோர்ஃபின் அந்தப் பாதையில் நின்று, வந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

வருவது என்றால் சும்மா இல்லை. என் அப்பா போன மார்ச்சில் இறந்தார். உங்களுக்குத் தகவல் வந்தது, யார் சொன்னார்கள் என்றும் தெரியும். ஒரு வரி வரவில்லை. உங்களை "என் மூத்த பொண்ணு" என்று கூப்பிட்ட மனிதர். ஊர் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் உங்களுக்கென்று தனியாக வற்றல் கட்டிக் கொடுத்தவர். என் மேல் கோபம் இருக்கட்டும். அவர் என்ன செய்தார்? அந்த வாரம் முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூட ஆத்திரம் வருகிறது. நீங்கள் போன பிறகு என் வீட்டில் ஒரு படம்கூடப் போடவில்லை. அந்தத் துணித் திரையை இப்போது படுக்கையில்தான் விரிக்கிறேன்.

இதை விடுங்கள். சொல்ல வந்தது வேறு.

இந்த நான்கு வருஷத்தில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டையும் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஒன்று. கோட்ஷால்க் கடைசியாக நடித்த படங்களில் ஒன்று 1941-இல் வந்தது. அதில் அவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். குழந்தைகளுக்குக் கதை சொன்ன அந்த ஆண்டர்சன். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், வீட்டில் எட்டு வயதுப் பையனைத் தூங்க வைத்தார்கள். நான் அந்தப் படத்தின் புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தபோது என் குறிப்பில் இருந்த 'தற்கொலை' என்ற சொல் தாங்கவில்லை. ஜெர்மனில் 'ஃப்ரைடோட்' என்று ஒரு சொல் உண்டு, தானே விரும்பி ஏற்கிற சாவு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தச் சொல்லை வேண்டுமானால் யாராவது சொல்லிக்கொள்ளலாம். மிகாயேலுக்குச் சொல்ல முடியாது. அவன் கொல்லப்பட்டான். யாரால் என்று கேட்டால் நான் இன்னும் கோயபல்ஸ் என்றுதான் சொல்வேன், நீங்கள் இன்னும் வேறு சொல்வீர்கள். ஆனால் கொல்லப்பட்டான் என்ற சொல்லை உங்கள் கையில் இருந்து வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது. மெட்சிக். அவருடைய அம்மா யூதர். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ கையில் அகப்படக் கூடாது என்று 1944-இல் உயிரை விட்டார். அப்போது மெட்சிக்குக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, 1947 அக்டோபர் 3, பெர்லினின் நான்கு பகுதிகளிலும் ஒரே நேரத்தில் திரையிடப்பட்ட அவருடைய முதல் முழுநீளக் கதைப்படம் இது. அப்படியென்றால் பாருங்கள் அக்கா, இதை எடுத்தவர் அம்மாவால் விட்டுச் செல்லப்பட்ட பிள்ளை. அந்தப் பிள்ளைதான் கதையிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டார். நீங்கள் 'வசதி' என்றீர்கள், நானும் அதையே தூக்கத்தில் சொன்னேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிகாயேலைப் படத்தில் வைத்தால், "என்னைக் கேட்டீர்களா?" என்று அவன் கேட்டிருப்பான். அந்தக் கேள்வியை எழுத மெட்சிக்கின் கை போயிருக்காது. இது என் ஊகம்தான். ஆனால் இதை நினைத்த பிறகு, அந்தக் கேள்வியைப் பதினோரு பேர் முன்னால் கேட்க உங்களுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று புரிகிறது.

(இதே படத்துக்கு இசை அமைத்த செல்லர்தான் 1940-இல் 'யூத சூஸ்' என்ற, யூத வெறுப்பைப் பரப்பிய அந்த விஷப் படத்துக்கும் இசை அமைத்தவர். இதை வைத்து நீங்கள் ஒரு மணி நேரம் பேசியிருப்பீர்கள். எனக்கு அதைக் கேட்க ஆள் இல்லை.)

நாளை மாலை ஆறு மணிக்கு, அதே அறையில், அதே படத்தைத் திரும்பப் போடுகிறேன். படுக்கை விரிப்பைத் துவைத்து வைத்துவிட்டேன். தலைப்பு 'நிழலில் இல்லறம்', தமிழில் யார் தந்தது என்று முதலிலேயே சொல்வேன். குறிப்பையும் புதிதாக எழுதியிருக்கிறேன். அதில் முதல் வரி: மிகாயேல் கோட்ஷால்க், எட்டு வயது. 'குடும்பத்தோடு' என்ற சொல் அதில் இல்லை. படம் முடிந்ததும், பையனைக் கேட்டார்களா என்ற கேள்வியை நானே எழுப்புவேன், யாருடைய கேள்வி என்றும் சொல்வேன்.

கோயபல்ஸின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அதில் நான் மாறவில்லை, அக்கா.