ஸ்ரீநிவாஸ் இன்னும் இருந்திருந்தால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இப்போதெல்லாம் யாருடைய இசையைக் கேட்கிறாய் என்று கேட்டிருந்தாய். செப்டம்பர் பிறந்தால் எனக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ்தான். 2014 செப்டம்பர் 19 அன்று அவர் போனபோது வயது 45. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வார் என்றுதான் நம்பியிருந்தோம். அதெல்லாம் போகிற வயதா, சொல்.

எல்லோரும் அவருடைய வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 1981-இல் சென்னையில் வாசிக்க வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. நெற்றியில் விபூதி, மாறாத சிரிப்பு, மின்னல் மாதிரி ஓடும் விரல்கள். ஊர் மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. எனக்கென்னவோ கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற நயத்தை, அவர் பிடித்த விதம்தான் பெரிய சாதனை. சாதாரண மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக எட்டு இருக்கும். மீட்டினால் நாதம் நிற்காது, சட்டென்று அடங்கிவிடும். அதில் தோடி ராகத்தை எப்படி அசைத்து வாசிப்பது? எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறி, ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டு, அவற்றை இழுத்தும் வழுக்கியும் குரல் மாதிரியே பேச வைத்தார்.

குரல் மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்க வராது. அவர் பாடிக் காட்டுவார், ஆந்திராவின் பாலகொல்லு ஊர்ப் பையன் ஸ்ரீநிவாஸ் அதைக் கேட்டுத் தந்தியில் தானே தேடிப் பிடிப்பான். விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆளில்லாததே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு ஸ்ரீநிவாஸ் சேர்ந்து வாசித்தது உனக்குப் பிடிக்காது. அதில் நான் உன் கட்சி இல்லை. அங்கேயும் அவர் கர்நாடக சங்கீதத்தைத்தான் வாசித்தார்.

அவருடைய கடைசி ஆண்டுகளின் ஆலாபனைகளை, ராகத்தை மெல்ல விரிக்கிற அந்த வாசிப்பைக் கேட்டுப் பார். அவசரமே இருக்காது. ஒரு ஸ்வரத்தில் நின்று, அது தானாக அடுத்ததைக் கூப்பிடும்வரை காத்திருப்பார். பாடகர் செம்மங்குடி 95 வயது வரை நம்மோடு இருந்தார். அவருடைய முதுமைப் பாட்டையும் கேட்கக் கொடுத்து வைத்திருந்தோம். அறுபது வயது ஸ்ரீநிவாஸ் காம்போதி ராகத்தை எப்படி விரித்திருப்பார்? அது நமக்குக் கிடைக்கவே இல்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் ஒன்று. உன்னிடம் அவருடைய பழைய கச்சேரி கேசட் ஒன்று இருந்ததே, இன்னும் ஓடுகிறதா? டிசம்பர் சீசனுக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. தெரிந்த பையன் ஒருவன் கேசட்டைக் கணினியில் ஏற்றித் தருகிறான். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்