வாட் பூ கோயிலைப் பார்க்காமல் போன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். சின்னம்மா வீட்டு மதில் பிரச்சினை ஒருவாறு முடிந்தது, யார் விட்டுக்கொடுத்திருப்பார் என்று உனக்கே தெரியும். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. உப்புவெளியில் சுற்றுலா சீசன் பரவாயில்லை, நாம் வாடகைக்கு விடுகிற இரண்டு அறைகளிலும் ஆட்கள் நிற்கிறார்கள்.

நீ நாடு நாடாகச் சுற்றுகிறாய், அதனால் முதலில் பாஸ்போட். காலாவதியாக ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகளில் உள்ளே விடமாட்டார்கள். நம் வீட்டுக்கு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. உன் பாஸ்போட்டுக்கு எங்கே போனாலும் ஒரு கேள்வி கூடுதலாகத்தான் கேட்பார்கள். திகதியைப் பார்.

மற்றது மலேரியா. தென் லாவோஸில் அது இன்னும் இருக்கிறது, நீ நிற்பதோ ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவு. மாலையில் முழுக்கைச் சட்டை போடு, நுளம்பு வலைக்குள் படு. இலங்கையை 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தது திருகோணமலைப் பெட்டை என்ற பெயர் நமக்கு வேண்டாம். நாய் கீறினாலும் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி போட வேண்டும். சொன்னதைத்தான் சொல்கிறேன், தெரியும்.

சரி. ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது பாக்சே நகரிலிருந்து தொன் டெட் தீவுக்கு வந்துவிட்டேன் என்றாய். வாட் பூவுக்குப் போனாயா என்று கேட்டேன். "கோயில்தானே அப்பா, நிறையப் பார்த்திட்டன்" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்தார், நான் நுளம்பைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தக் கோயிலைப் பற்றி எனக்குச் சொன்னதே நீதான். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மலை உச்சியே லிங்கம் மாதிரி இருப்பதால் அந்தக் காலத்தில் லிங்கபர்வதம் என்றார்களாம், பாறையில் ஊறுகிற தண்ணீரைக் கல் வாய்க்காலில் கொண்டுவந்து லிங்கத்தின் மேல் விழ வைத்தார்களாம், அங்கிருந்து கம்போடியாவின் அங்கோர் வரை கெமர் அரசர்களின் சாலை போனதாம் என்று அம்மாவைச் சோறு போடவே விடவில்லை. கோணேசர் மலையில் ஏறி இறங்கி, ஐயரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்த பிள்ளை நீ. வாட் பூ இருக்கிற சம்பாசக் பாக்சேக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

போன சீசனில் ஓர் ஒல்லாந்துப் பெடியன் நம் பின் அறையில் நின்றான். பல நாடு சுற்றி வந்தவன். பையைக் கதவடியில் வைத்தபடி, பல் துலக்கும் பிரஷை எடுத்து அதற்குள்ளேயே திரும்ப வைப்பான். கோணேசர் கோயிலுக்குப் போகவில்லை. புறாமலைத் தீவுக்குப் படகு பேசித் தருகிறேன் என்றேன், சிரித்தான். எந்த ஊர், எவ்வளவு காலம், அடுத்தது எங்கே என்று மற்றவர்கள் மேசையில் கேட்கும்போது கோப்பையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வான். நான் முதலில் சோம்பேறி என்று நினைத்தேன்.

சமையலுக்கு உதவிக்கு வருகிறவர் வராத ஒரு காலையில் அம்மா தேங்காய் துருவச் சொல்லி அவனிடம் திருவலையைக் கொடுத்துவிட்டார். சிரட்டை வரைக்கும் துருவி, பூவெல்லாம் மண்ணிறமாகி, நல்ல பேச்சு வாங்கினான். மறுநாள் அதே நேரத்துக்கு அவனாகவே வந்து உட்கார்ந்தான். அதன் பிறகு சம்பலுக்குத் தேங்காய் அவன்தான். கொஞ்ச நாளில் பையைக் கொட்டி எல்லாவற்றையும் தோய்த்துக் கொடியில் போட்டான். கோணேசருக்கும் தானாகவே போனான், கோட்டைக்குள் மான் நிற்கிறது என்று எனக்கே வந்து சொன்னான். பிறகு புறப்பட்டான். வீட்டுக்கு இல்லை, அடுத்த நாட்டுக்கு.

இப்படிப் பலரைப் பார்த்துவிட்டேன். நடந்து யாரும் களைப்பதில்லை. எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது, இவனை நம்பலாமா, இந்த விலை சரியா என்று விடிந்தால் எல்லாவற்றையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, பழகியவர்களும் இரண்டு நாளில் போய்விடுகிறார்கள். அதில்தான் ஆள் தேய்கிறது. நீ சோம்பேறி இல்லை என்று எனக்குத் தெரியும். ஐப்பசியில் நேபாளத்துத் தொரோங் லா கணவாயில் நின்று எடுத்த படத்தைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். 5416 மீற்றர், நம் நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று சொல்லிச் சொல்லியே தேத்தண்ணீர் ஆறிவிட்டது. அம்மா திட்டியதெல்லாம் வேறு விஷயம். வேலையை விட்டது எனக்கும் பிடிக்கவில்லைதான், அதை இப்போது எடுக்கவில்லை.

திரும்பி வா என்று நான் எழுதவில்லை. வந்தால் அறை இருக்கிறது, சீசன் என்றாலும் ஆளை எழுப்பிவிடுவேன். ஆனால் அடுத்த நாட்டுக்கு ஓடாதே. பிடித்த ஓர் ஊரில் ஒரு மாதம் நில். ஒரே கடையில் சாப்பிடு, கடைக்காரிக்கு உன் முகம் தெரியட்டும். காலையில் செய்ய ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொள். வாட் பூ எங்கேயும் போகாது.

இதை எழுதிப் படமெடுத்துத்தான் அனுப்புகிறேன், தபாலில் போட உனக்கு முகவரி இல்லையே. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறார். கருவாடும் வைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. பார்சல் போய்ச் சேர மூன்று நான்கு கிழமையாவது ஆகும். அதுவரை நிற்கப்போகிற இடத்தின் முகவரியை அனுப்பு. பாஸ்போட் திகதியையும்.

அப்பா